எப்பிங் காட்டிலை றோட் சைக்கிள்: புதுசா வெளிக்கிடுறவைக்கு

ஈஸ்ற் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட், வோல்தம்ஸ்ரோ பக்கம் இருக்கிற எங்கடை சனத்திலை இப்ப கனபேர் றோட் பைக் வாங்குகினம். வாங்கிப் போட்டு பக்கத்துப் பார்க்கைச் சுத்திச் சுத்தி ஓடி, அலுத்துப்போய், ஷெட்டுக்கை விட்டுப் பூட்டுகினம். எப்பிங் காடு இவ்வளவு கிட்ட இருக்கேக்கை அது அநியாயம் எண்டுதான் இதை எழுதுறன். காடு எங்கையோ எசெக்ஸிலை தொடங்குது எண்டு நினைக்கிறவை இருக்கினம், ஆனா அதின்ரை தெற்கு முனை மேனர் பார்க் ஸ்ரேஷனுக்குப் பக்கத்திலை இருக்கிற வொன்ஸ்ரெட் ஃபிளாற்ஸ் வெளிதான், முருகன் கோயிலுக்குப் போற ஆக்கள் எல்லாரும் பாக்கிற அதே புல்வெளி. அங்கையிருந்து வடக்காலை எப்பிங் ரவுண் வரைக்கும் 12 மைல் நீளத்துக்கு ஒடுங்கலாப் போகுது, மொத்தம் 2,400 ஹெக்டயர் அளவு. மரம் அடர்ந்த உண்மையான காடும் சைக்கிள் ஓட நல்ல றோட்டுகளும் இருக்கிறது சிங்ஃபோர்டுக்கு மேலை.

முதல் ஒரு விசயத்தைச் சொல்லிப்போடுறன், மிச்சம் எல்லாம் இதிலை இருந்துதான் வருது. புதுசா வாறவை எல்லாரும் ஏத்தத்துக்குத்தான் பயப்பிடுகினம். எப்பிங்கிலை ஏத்தம் பெரிய விசயம் இல்லை, ஏலாட்டி இறங்கி உருட்டலாம். பயப்பிட வேண்டியது ஏ104 மாதிரிப் பெரிய றோட்டுகளிலை ரைற் ரேண் எடுக்கிறதுக்கு. கார் எல்லாம் வேகமா வாற இடத்திலை நடு றோட்டிலை கையைக் காட்டிக்கொண்டு நிக்கிறது முதல் நாளுக்குரிய வேலை இல்லை. அதாலை நான் சொல்லித் தாற முதல் சுத்து இடக்கைச் சுத்து, பெரிய றோட்டுகளிலை லெஃப்ற் ரேண் மட்டுந்தான் வரும். மேப்பிலை எந்தத் திசையிலையும் ஓடலாம் மாதிரித்தான் தெரியும், ஆனா திசையை மாத்தினால் அதே சுத்து வேறை சுத்து.

சைக்கிளைப் பாருங்கோ

புதுச் சைக்கிள் தேவையில்லை. செக்கன்ட் ஹான்டிலை வாங்கினதெண்டாலும் பிறேக்கும் கியரும் ஒழுங்கா வேலை செய்தால் காணும். ரயர்தான் முக்கியம். பழைய றோட் பைக்கிலை 23 இல்லாட்டி 25 மில்லிமீற்றர் ரயர் இருக்கும், காட்டுக்கை இருக்கிற சின்ன றோட்டுகள் உடைஞ்சு, ஓரத்திலை மண்ணும் கல்லும் சேந்து கிடக்கும், அதிலை ஒல்லி ரயர் உங்களை உலுப்பி எடுக்கும். 28 போடுங்கோ, ஃபிரேமிலை இடம் இருந்தால் 32 இன்னும் நல்லது. காத்தும் கல்லு மாதிரி அடிக்கத் தேவையில்லை, 70 கிலோ ஆளுக்கு 28 ரயரிலை 70 பிஎஸ்ஐ சுத்திவரக் காணும்.

பிறேக் பற்றி ஒரு சொல்லு. இந்த நாட்டிலை வலது கை பிறேக் முன் சில்லுக்கு, இடது கை பின் சில்லுக்கு. ஒன்லைனிலை வெளிநாட்டிலை இருந்து எடுத்த சைக்கிள் எண்டால் மாறியும் இருக்கும், வீட்டு வாசலிலையே ஒருக்கா ஒண்டொண்டாப் பிடிச்சுப் பாருங்கோ, இறக்கத்திலை நிண்டு கண்டுபிடிக்கிற விசயம் இல்லை அது.

கொண்டு போறது: ஸ்பெயார் ரியூப் ரண்டு, ரயர் கழட்டுற லீவர், கையிலை அடிக்கிற சின்னப் பம்ப், அலன் கீ செற். ரியூப் மாத்தத் தெரியாட்டி வீட்டிலை இருந்து ஒரு பின்னேரம் பின் சில்லைக் கழட்டி மாத்திப் பழகுங்கோ, ரண்டு தரம் செய்தால் கை பழகிப்போம். இதை ஏன் வற்புறுத்துறன் எண்டால் இலையுதிர் காலத்திலை எசெக்ஸ் பக்கத்து ஒழுங்கைகளிலை வேலியை மெஷினாலை வெட்டி விடுவினம், வெட்டின முள்ளு முழுக்க றோட்டிலை கிடக்கும். அந்த நேரம் பஞ்சர் வாறது சாதாரணம்.

லைற் பகலிலையும் போடுங்கோ, முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. இருட்டிலை ஓடினால் சட்டப்படி கட்டாயம், பின்னாலை சிவப்பு றிஃப்ளெக்ரரும் வேணும். பகலிலை சட்டம் கேக்காது, ஆனா மரநிழலுக்கை கறுப்பு ஜக்கற்றோடை போற ஆளை வெயிலிலை இருந்து உள்ளை வாற டிரைவரின்ரை கண் உடனை பிடிக்காது. ஹெல்மெற் இந்த நாட்டிலை கட்டாயம் இல்லை, ஆனா போடாமல் வெளிக்கிடாதேங்கோ.

எப்ப போறது

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலமை. ஏழு மணிக்கு சிங்ஃபோர்டிலை நிண்டால் ஒன்பதரைக்குள்ளை எல்லாம் முடிஞ்சிடும், பத்து மணிக்குப் பிறகு நாயோடை நடக்க வாறவை, குடும்பமா வாறவை, மோட்டர்சைக்கிள் ஆக்கள் எல்லாரும் காட்டு மேட்டிலை இருக்கிற ஹை பீச் எண்ட இடத்துக்கு வருவினம், கார் பார்க்கைத் தேடிக் கார் சுத்தும். வெயில் காலத்துச் சனி ஞாயிறு மத்தியானம் முதல் தரத்துக்குச் சரிவராது. மாசம் எண்டு கேட்டால் ஏப்ரல் கடைசியிலை இருந்து ஜூன் வரைக்கும், பீச் மரத்துப் புது இலை வெளிச்சத்தை விடுகிற பருவம் அது. ஒக்ரோபர் கடைசி பாக்க இதைவிட வடிவு, ஆனா ஈர இலை றோட்டிலை படிஞ்சு கிடக்கும், அதிலை சாய்ஞ்சு திரும்பினால் சில்லு வழுக்கும், அதாலை முதல் இலையுதிர் காலம் மெதுவாப் போங்கோ. குளிர் காலத்திலை ரவுணிலை றோட்டு காஞ்சிருந்தாலும் மரநிழல் விழுற இடத்திலை மத்தியானம் வரைக்கும் ஐஸ் இருக்கும். இரண்டு மூண்டு டிகிரி எண்டு ஃபோன் காட்டினால் அண்டைக்கு விடுங்கோ.

சிங்ஃபோர்டுக்குப் போறது

லிவர்பூல் ஸ்ட்ரீற்றிலை இருந்தும் வோல்தம்ஸ்ரோ சென்ரலிலை இருந்தும் ஓவர்கிரவுண்ட் ஓடுது, இப்ப வீவர் லைன் எண்டு பேர், கடைசி ஸ்ரேஷன் சிங்ஃபோர்ட். சனி ஞாயிறு சைக்கிளை ஏத்தலாம், கிழமை நாளிலை காலை, பின்னேர நெரிசல் நேரத்திலை மடிக்கிற சைக்கிள் மட்டுந்தான். ஈஸ்ற் ஹாமிலை இருந்து ஓடியே போகலாம், ஆனா வழியிலை கிரீன் மான் ரவுண்டபவுற், விப்ஸ் குறொஸ் எல்லாம் தாண்டவேணும், அது உங்களுக்குப் பழகின பிறகு பாப்பம். காரிலை சைக்கிளை ஏத்திக்கொண்டு போனால் கொனற் வோற்றர் குளத்தடியிலை கார் பார்க் இருக்கு, காசு கட்டவேணுமோ எண்டு போர்டை வாசியுங்கோ.

இடக்கைச் சுத்து, கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர்

ஸ்ரேஷனாலை வந்து ரேஞ்சர்ஸ் றோட்டைப் பிடியுங்கோ. ரண்டு நிமிசத்திலை வெள்ளைச் சுவரும் மரச்சட்டமுமா ஒரு பழைய கட்டடம் வரும், அது குயின் எலிசபெத் ஹன்ரிங் லொட்ஜ், எட்டாம் ஹென்றிக்காக 1543இலை கட்டினது, ராசாவும் ஆக்களும் மேல் மாடியிலை நிண்டு வேட்டையைப் பாத்த இடம். அதைத் தாண்டினால் இறக்கம், இறக்கத்திலை இடப்பக்கம் கொனற் வோற்றர். அந்த இறக்கத்திலை பெடல் போடாதேங்கோ, அப்பிடியே உருளுங்கோ, உடனை அடுத்த பக்கம் ஏத்தம் தொடங்குது. ஏத்தத்துக்குக் கியர் மாத்துறது ஏறத் தொடங்க முந்தி, பாதி ஏத்தத்திலை காலாலை முழு உழக்கு உழக்கிக்கொண்டு மாத்தினால் செயின் கழரும்.

மேலை போனால் ஏ104, எப்பிங் நியூ றோட். லெஃப்ற் திரும்புங்கோ. இந்தச் சுத்திலை கடுமையான துண்டு இதுதான், கார் வேகமாப் போற றோட்டு, ஆனா கொஞ்சத் தூரந்தான். இஞ்சை கனபேர் செய்யிறது என்னெண்டால் பயத்திலை கரையோடை ஒட்டிக்கொண்டு போறது. அப்பிடிப் போகாதேங்கோ. கரையிலை தண்ணி போற கிறில் இருக்கும், உடைஞ்ச கண்ணாடி இருக்கும், கார்க்காரனும் இடம் இருக்குதெண்டு உரசிக்கொண்டு எடுப்பான். கரையிலை இருந்து அரை மீற்றராவது தள்ளி ஓடச் சொல்லித்தான் 2022இலை திருத்தின ஹைவே கோட்டிலையே இருக்கு, 30 மைல் வேகம் வரைக்கும் போற கார் உங்களுக்கு ஒண்டரை மீற்றராவது விட்டு எடுக்கவேணும், அதுக்கு மேலை எண்டால் இன்னும் கூட. நேரா, ஆடாமல், உங்கடை கோட்டிலை போங்கோ.

பேந்து இடப்பக்கம் ஃபெயர்மீட் றோட் வரும், தடுப்புப் போட்டுக் காரை மறிச்சிருக்கு. உள்ளை இறங்கின உடனை சத்தம் குறைஞ்சிடும். நான் ஆக்களை இந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறதே இந்தத் துண்டுக்காகத்தான். தார் பழசு, இடைக்கிடை வெடிச்சு வேர் மேலை தள்ளியிருக்கும், அதாலை வேகம் எடுக்கிற இடம் இல்லை, நாயளும் பிள்ளையளும் வீல்செயாரிலை வாறவையும் வருவினம், மணி அடிச்சு, குட் மோர்னிங் சொல்லி, மெதுவாத் தாண்டுங்கோ.

இஞ்சையும் இதுக்கு மேலை ஹை பீச்சிலையும் மரங்களை ஒருக்கா நிண்டு பாருங்கோ. ஆள் உயரத்துக்கு மேலை வரைக்கும் ஒரே மொத்தத் தண்டு, அந்த இடத்திலை இருந்து திடீரெண்டு பத்துப் பன்னிரண்டு கொப்பு, ஒவ்வொண்டும் தனி மரம் அளவு. ஊரிலை பூவரசை வெட்டி வெட்டி விட்டால் தலை பெருக்குமே, அதே விசயம்தான். விறகுக்காக நூற்றுக்கணக்கான வருசம் மாடு எட்டாத உயரத்திலை தலையை வெட்டி வந்த மரங்கள், இந்தக் காட்டிலை 50,000க்கு மேலை இருக்கு. 19ஆம் நூற்றாண்டிலை காணிக்காரர் காட்டை வேலி போட்டுப் பிரிக்கத் தொடங்கேக்கை லோற்றன் ஊர்ச் சனம், தோமஸ் வில்லிங்கேல் எண்ட விறகுவெட்டி குடும்பம் முன்னுக்கு நிண்டு, வெட்டுற உரிமையை விடமாட்டம் எண்டு நிண்டவை. கடைசியா 1878இலை எப்பிங் காட்டுச் சட்டம் வந்து காடு சிற்றி ஒஃப் லண்டன் கோப்பரேஷனின்ரை பொறுப்புக்குப் போச்சு, சனம் வந்து போற இடமா வைக்கவேணும் எண்டு. விறகு வெட்டுற உரிமைக்குப் பதிலாக் காசு குடுத்து வெட்டையும் நிப்பாட்டிப் போட்டினம், அதாலைதான் கொப்பெல்லாம் இவ்வளவு பெருத்தது. சைக்கிள்காரருக்கு இதிலை ஒரு பாடம் இருக்கு: இந்தப் பாரத்தைத் தாங்கேலாமல் கிழட்டுக் கொப்பு முறிஞ்சு விழும், பலத்த காத்து எண்டு எச்சரிக்கை வந்த நாளிலை காட்டுக்கை போகாதேங்கோ, அடுத்த நாள் போனாலும் றோட்டிலை தடி கிடக்கும்.

ஃபெயர்மீட் றோட் மேலை வந்து முடியிற இடத்தடியிலை, ரொபின் ஹூட் ரவுண்டபவுற்றுக்குக் கிட்ட, ஒரு ரீ ஹட் இருக்கு. மோட்டர்சைக்கிள் ஆக்கள், சைக்கிள் ஆக்கள், நடக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே வரிசையிலை நிண்டு ரீ வாங்கிற இடம். ஆனா இதிலை நிண்டு ஆறிப்போகாமல் முதல் ஹை பீச் வரைக்கும் போட்டு வாறது நல்லது எண்டு நினைக்கிறன், உடம்பு குளிர்ந்தால் பேந்து கால் எழும்பாது. லெஃப்ற்றாலை போய் ஹை பீச் போர்டைப் பாத்துப் போங்கோ, கிங்ஸ் ஓக் எண்ட பப்பும் காட்டின்ரை விசிற்றர் சென்ரரும் பக்கத்துப் பக்கத்திலை இருக்கு. 1882 மே மாதம் விக்டோரியா ராணி வந்து காட்டைச் சனத்துக்குத் திறந்து வைச்ச இடம் இந்த ஹை பீச். கடல் மட்டத்திலை இருந்து 100 மீற்றருக்கு மேலை, மரம் விலகின இடத்தாலை மேற்கை லீ பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். சாப்பாடு இதிலை வைச்சு. வாழைப்பழம், பேரீச்சம்பழம், தண்ணி காணும் இந்தத் தூரத்துக்கு, ரோல்ஸும் கட்லற்றும் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.

பிறகு சேர்ச்சைத் தாண்டி (1873இலை கட்டின சேர்ச், கூரான கோபுரம், தவறாது) லிப்பிற்ஸ் ஹில், மொட் ஸ்ட்ரீற் பக்கமா இறங்குறது, சூவட்ஸ்ரோன் எண்ட பேரைப் பிடிச்சுப் போங்கோ. இந்த இறக்கத்தை விளையாட்டா எடுக்காதேங்கோ. ஒடுங்கின ஒழுங்கை, ரண்டு பக்கமும் வேலி, வளைவுக்கு அங்காலை என்ன வருதெண்டு தெரியாது, நடுவிலை ஒரு கோடா மண்ணும் சின்னக் கல்லும் கிடக்கும். கையை ஹாண்டிலின்ரை கீழ் வளைவிலை வைச்சு விரல் பிறேக்கிலையே இருக்கட்டும், குண்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கோ, ரண்டு பிறேக்கையும் சேத்து வளைவுக்கு முந்திப் பிடிச்சு, வளைவுக்குள்ளை விட்டுவிடுங்கோ. வளைவுக்குள்ளை பிடிச்சால்தான் சறுக்கும். முன்னாலை தெரியிற தூரத்துக்குள்ளை நிப்பாட்ட ஏலாத வேகம் எண்டால் அது கூடின வேகம். பின்னாலை கார் வந்து அவசரப்படுத்தினால் வாசல் வெட்டின இடத்திலை ஒதுங்கி விட்டுப்போட்டுப் போங்கோ.

கீழை ஏ112, சூவட்ஸ்ரோன் றோட். லெஃப்ற். மேற்குப் பக்கத்திலை நீளமாத் தெரியிற புல்லு அணைக்கட்டு கிங் ஜோர்ஜ் நீர்த்தேக்கம், தண்ணி தெரியாது, கரை மட்டுந்தான். தட்டையான றோட்டு, ஆனா மேற்கிலை இருந்து காத்து அடிக்கும். அதாலை போய்க் கிங்ஸ் ஹெட் ஹில்லிலை லெஃப்ற் திரும்பினால் கடைசி ஏத்தம், குட்டை, ஆனா செங்குத்து. இதிலை சின்னக் கியருக்குப் போட்டு, இருந்தபடியே, மூச்சு ஒரே அளவா வாற வேகத்திலை ஏறுங்கோ, எழும்பி நிண்டு ஆடி ஆடி மிதிச்சால் பாதியிலை முடிஞ்சிடும். மேலை சிங்ஃபோர்ட் கிரீன், அதாலை ஸ்ரேஷன் றோட், சுத்து முடிஞ்சுது.

காட்டுக்கை கவனிக்க வேண்டியது

குதிரை. இந்தப் பக்கம் குதிரை வளர்க்கிற ஆக்கள் கூட, விடியவே றோட்டுக்கு வருவினம். பின்னாலை சத்தமில்லாமல் வாற சைக்கிள் குதிரைக்குப் பிடிக்காது. தூரத்திலையே "ஹலோ, சைக்கிள்" எண்டு குரல் குடுங்கோ, மணி அடிக்கிறதைவிட மனிசக் குரல் நல்லது, அவை திரும்பிப் பாத்துச் சரி எண்ட பிறகு ரண்டு மீற்றர் விட்டு வலப்பக்கத்தாலை மெதுவா.

மாடு. நீட்டுக் கொம்பு லோங்ஹோர்ன் மாடுகளைக் காட்டிலை மேய விடுகினம், கழுத்திலை ஜிபிஎஸ் பட்டி, வேலி கண்ணுக்குத் தெரியாது. சாதுவான மாடுகள், ஆனா கண்டுக்குட்டியோடை நிண்டால் கிட்டப் போய்ப் படம் எடுக்காதேங்கோ. மான் விடியவும் பொழுதுபடவும் றோட்டைக் கடக்கும், ஒண்டு பாய்ஞ்சால் உடனை மிதிக்க வெளிக்கிடாதேங்கோ, பின்னாலை இன்னொண்டு வரும்.

வெளிச்சம். வெயில் நாளிலை இலைக்குள்ளாலை வாற வெளிச்சம் றோட்டிலை புள்ளி புள்ளியா விழும், பள்ளமும் நிழலும் ஒரே மாதிரித் தெரியும். கடுங்கறுப்புக் கண்ணாடி போட்டால் இன்னும் மோசம், தெளிவான இல்லாட்டி மஞ்சள் கண்ணாடி போடுங்கோ.

மரங்களுக்குள்ளை போற மண் பாதையளிலையும் கன இடத்திலை சைக்கிள் விடுவினம், ஆனா லோற்றன் காம்ப், அம்பிறஸ்பரி பாங்ஸ் எண்ட ரண்டு இரும்புக்கால மண்கோட்டையிலையும் ஏறி ஓடக் கூடாது. றோட் பைக்குக்கு மண் பாதை தேவையும் இல்லை, மழை பெய்தால் களிமண் பிறேக்குக்கை அடைச்சு நிண்டுடும். காளான் பிடுங்கிறதும் தடை.

அடுத்தது என்ன

இடக்கைச் சுத்து சுகமா வந்தால் அதையே ரண்டு தரம் ஓடுங்கோ, அதுக்குப் பிறகு திசையை மாத்தி மொட் ஸ்ட்ரீற்றாலை ஏறிப் பாருங்கோ. லண்டன் சைக்கிள் ஆக்கள் பயிற்சிக்கு வாற ஏத்தம் அது. திரும்பி வரேக்கை ஏ104இலை ரைற் எடுக்கவேணும், அது கஸ்ரம் எண்டால் இறங்கி, நடைபாதைக்காரர் மாதிரி உருட்டிக் கடவுங்கோ, அதிலை வெக்கப்பட ஒண்டும் இல்லை.

நீளமாப் போக ஆசை எண்டால் ஹை பீச்சிலை இருந்து வேக் ஆர்ம்ஸ் ரவுண்டபவுற் தாண்டித் தெய்டன் போய்ஸ் எண்ட ஊருக்குப் போகலாம். அந்த ரவுண்டபவுற் பெரிசு, எம்25 மோட்டர்வேக்குப் போற கார் எல்லாம் அதாலை வரும், முதல் தரம் பழகின ஆளோடை போங்கோ. தாண்டினால் கொப்பிஸ் றோ எண்ட றோட்டு மரத்துக்குள்ளாலை இறங்கி ஊருக்குக் கொண்டுபோய் விடும், நடுவிலை பெரிய புல்வெளி, குளம், தாரா. தெரு லைற் இல்லாத ஊர் அது, பொழுதுபட முந்தி வெளிக்கிடுங்கோ. இல்லாட்டி வேக் ஆர்ம்ஸிலை இருந்து நேரை எப்பிங் ரவுணுக்குப் போகலாம், ரவுணுக்குக் கிட்ட பெல் கொமன் எண்ட இடத்திலை எம்25 நிலத்துக்குக் கீழை ரணலாலை போகுது, மேலை கிறிக்கற் கிறவுண்ட். கால் களைச்சால் தெய்டன் போய்ஸிலையும் எப்பிங்கிலையும் சென்ரல் லைன் இருக்கு, நெரிசல் இல்லாத நேரத்திலை லெய்ற்றன்ஸ்ரோன் வரைக்கும் சைக்கிளோடை வரலாம், அடுத்த ஸ்ரேஷன் லெய்ற்றனுக்கு அங்காலை ரெயின் நிலத்துக்கை போறதாலை ஏத்தேலாது, லெய்ற்றன்ஸ்ரோனிலை இறங்கி வொன்ஸ்ரெட் ஃபிளாற்ஸ் கரையாலை மேனர் பார்க்குக்கு ஓடி வாங்கோ.

தனிய ஓடப் பயமா இருக்கிற அக்காமார் ரண்டு மூண்டு பேர் சேந்து வாங்கோ, சோடியா ஓடச் சட்டம் விடுது, ஒழுங்கையிலை கார் வந்தால் ஒண்டன் பின்னாலை ஒண்டு. சாறியோ சல்வாரோ வேண்டாம், செயினிலை மாட்டும், லெகிங்ஸ் காணும். வீட்டிலை எந்த வழியாலை போறியள், எத்தினை மணிக்கு வருவியள் எண்டு சொல்லிப்போட்டு, மேப்பை ஃபோனிலை டவுன்லோட் பண்ணி வையுங்கோ.

வந்து சேந்த உடனை சைக்கிளை அப்பிடியே சாத்தி வைக்காதேங்கோ. வாளித் தண்ணியும் பழைய துணியும் எடுத்துச் செயினையும் பிறேக்கையும் துடைச்சு, காய விட்டு, செயினுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைச்சு எடுங்கோ. ரயரை மெதுவாச் சுத்திப் பாத்தால் முள்ளோ கல்லுச் சீவலோ குத்திக்கொண்டு நிக்கும், அதை அப்பவே நெம்பி எடுத்தால் அடுத்த ஞாயிறு பஞ்சர் இல்லை.